புது ஆட்டோவில் துரு: பாதிச் செலவை நீங்கள் போட வேண்டுமா?

கேள்வி: ஐயா, லீசிங்கில் புது ஆட்டோ எடுத்துப் பத்து வாரமாகிறது. கழுவும்போது பார்த்தால் அடிப்பக்கம் போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் துரு. விற்ற இடத்தில் காட்டினேன். "உங்க பக்கம் மழை, பனி. அது கம்பெனி குறை இல்ல. பெயின்ட் அடிச்சுத் தாறோம், பாதிச் செலவை நீங்க போடுங்க" என்கிறார்கள். போடலாமா?
- ஆட்டோ ஓட்டுநர், பொகவந்தலாவை

பதில்: போடாதீர்கள். இப்போதைக்குப் பெயின்டும் அடிக்க விடாதீர்கள், துருதான் உங்கள் சாட்சி.

பொகவந்தலாவையில் மழை என்ன, நீங்கள் ஆட்டோ எடுத்த பிறகா பெய்யத் தொடங்கியது? இங்கே ஓடப்போகிறது என்று தெரிந்துதானே விற்றார்கள். பத்தே வாரத்தில், அதுவும் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் துரு என்றால், அங்கே அடிப்பூச்சு சரியாக விழவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதே வியாதி எஃப்-35 போர் விமானத்துக்கும் வந்தது. 2017-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஹில் விமானப்படைத் தளத்தில், வழக்கமான பராமரிப்பின்போது வெளித்தகடுகளைப் பூட்டும் ஓட்டைகளில் அரிப்பைக் கண்டார்கள். தொழிற்சாலையில் பூசியிருக்க வேண்டிய பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அங்கே இல்லை. திருத்தும் செலவு யாருடையது என்று அதைச் செய்த லொக்ஹீட் மார்ட்டின் கம்பெனியோடு இழுபறி. 2018-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் பெரும்பாலான புது விமானங்களைப் பொறுப்பேற்பதையே நிறுத்தி வைத்தது. வானிலேயே எரிபொருள் நிரப்பும் போயிங்கின் கேசி-46 விமானத்தில் குறைகள் இருந்தபோது, ஒரு விமானத்துக்கு 2.8 கோடி டொலர் வரை பிடித்து வைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

உங்களால் அப்படிப் பிடித்து வைக்க முடியாது. விற்றவருக்குச் சேர வேண்டிய காசை லீசிங் கம்பெனி எப்போதோ கட்டிவிட்டது. தவணையை நிறுத்தினால் அவருக்கு ஒரு சதமும் குறையாது, உங்கள் வண்டியைத் தூக்கத்தான் ஆள் வரும். அதனால் தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

சண்டை என்றால் கடிதம். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கச் சட்டப்படி, உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விசாரித்து, நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். துருவைக் கண்ட நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. வாரண்டி புத்தகத்தில் இரண்டு வருடம் என்று போட்டிருந்தாலும் இந்த மூன்று மாதம் மூன்று மாதம்தான். "அடுத்த கிழமை வாங்க" என்று உங்களை அலைய விடுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இன்னும் இரண்டு சொச்சம் கிழமைதான் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று கேட்பார்கள்: "வண்டி லீசிங் கம்பெனியுடையது, முறைப்பாடு செய்ய நீங்கள் யார்?" அந்தச் சட்டத்தில் நுகர்வோர் என்றால் பொருளைப் பாவிப்பவர். ஓட்டுவது நீங்கள்தானே? பயப்படாமல் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. பதில் எந்த மொழியில் வரும் என்பது வேறு கதை. முப்பது வருடமாக அரசாங்கக் கடிதங்களை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் சனத்தைப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

கராஜில் செய்யும் வேலையை எழுதித் தரும் ஜொப் கார்டில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். போன மாதம் ஒருவர் கொண்டு வந்த கார்டில், "பாவனையால் ஏற்பட்ட பழுது" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. கீழே அழகான தமிழில் அவர் கையெழுத்து. அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? பஸ் ஸ்டாண்டில் "ஹெட் ஒபிசில் எனக்கு ஆள் இருக்கு" என்று ஒட்டிக்கொள்ளும் தரகர் இன்னும் மோசம். உங்களிடமும் வாங்குவார், அந்தப் பக்கமும் வாங்குவார்.

இன்றே துருவைப் படம் எடுங்கள். சீட்டைத் தூக்கி, மழையே படாத ஓட்டைகளையும் எடுங்கள். அங்கேயும் துரு இருந்தால் மழைக் கதை அதோடு முடிந்தது. ஸ்டாண்டில் அதே மாடல் புது ஆட்டோ வேறு நின்றால் குனிந்து பாருங்கள், ஒரே இடத்தில் இரண்டு வண்டிக்குத் துரு என்றால் அது ஓட்டியவர் குறையாக இருக்காது. எந்த மெக்கானிக் பாஸ் சொன்னாலும் ஒரு போல்ட்டையும் இளக்க வேண்டாம். செசி இலக்கத்தையும் விற்ற திகதியையும் போட்டு, விற்றவருக்கு ஒன்று, அதிகார சபைக்கு ஒன்று, லீசிங் கம்பெனிக்கு ஒரு பிரதி எனப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், ஆனால் அழைத்ததோடு நிற்காதீர்கள். தபால் கந்தோரில் தரும் துண்டை வீட்டில் வையுங்கள். ஆட்டோவின் டாஷ்போர்டில் வைத்தால் பனிக்கு எழுத்து அழிந்துவிடும்.