கேள்வி – பதில்: ஆல்ப்ஸ் மலையின் புள்ளிக் குதிரை

சிறுத்தை போலப் புள்ளி உள்ள பாரக் குதிரை ஆஸ்திரியாவில் உண்டாமே? (வாசகர், காரைக்குடி)

உண்டு. பெயர் நோரிக்கர். ரோமானியர் ஆண்ட ‘நோரிக்கும்’ மாகாணத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. தோள் உயரம் 155 முதல் 165 செ.மீ., எடை சுமார் 700 கிலோ. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயர்களின் பண்ணைகளில் ஸ்பெயின், நேப்பிள்ஸ் குதிரைகளின் ரத்தம் கலந்தது. புள்ளி மோகம் கொண்ட பரோக் காலம் (17–18ஆம் நூற்றாண்டு) அது. சால்ஸ்பர்க்கில் இனப் பதிவேடு 1903-இல் தொடங்கியது.

இன்று ஐந்து ஆண் வழிகள், அதாவது தகப்பன் வழிக் கிளைகள், உள்ளன: வல்கான், நீரோ, டயமண்ட், ஷவுனிட்ஸ், எல்மார். புள்ளிக்குப் பேர்போனது எல்மார் வழி. நோரிக்கரில் பெரும்பாலானவை செம்பழுப்பும் கறுப்பும்தான். புள்ளிக் குதிரை அதிலும் சிறுபான்மை. டிராக்டர் வந்தபின் மொத்த இனமே சுருங்கிப்போனது. மரம் இழுப்பது, பனிச்சறுக்கு வண்டி போன்ற வேலைகள்தான் இப்போது மிச்சம்.

உடல் வெள்ளையும் தலை கறுப்புமாக ஒரு நோரிக்கரைப் படத்தில் பார்த்தேன். அதுவும் புள்ளி இனம்தானா? (வாசகி, கோவை)

இல்லை. அது கறுப்பு மயிரும் வெள்ளை மயிரும் கலந்த ‘ரோன்’ நிறம். தலையும் கால்களும் கலப்பில்லாமல் கறுப்பாக நிற்கும். இதன் மரபணு வேறு. புள்ளிக் குதிரைக்கு அடையாளம் வேண்டுமானால் மூக்கையும் குறியையும் பாருங்கள்: தோல் இளஞ்சிவப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். குளம்பில் நெடுக்குக் கோடுகள் ஓடும். மனிதருக்குப் போல விழிவெண்மை தெரியும்.

இரண்டு புள்ளிக் குதிரைகளைச் சேர்த்தால் நிறையப் புள்ளியோடு குட்டி வருமா? (வாசகர், தேனி)

பலர் போடும் தப்புக்கணக்கு இது. புள்ளி அதிகமாகாது, வெள்ளைதான் அதிகமாகும். காரணம், புள்ளியைத் தரும் எல்.பி. (லெப்பர்ட் காம்ப்ளெக்ஸ்) என்னும் மரபணு. ஒரு பிரதி இருந்தால் தெளிவான புள்ளிகள். தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒவ்வொன்றாக இரண்டு பிரதி வந்தால் குட்டி ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், புள்ளி ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அதோடு பிறவியிலேயே மாலைக்கண் வரும். விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் நன்றாகவே இருக்கும். அவற்றின் சைகையை அடுத்த செல்லுக்குக் கடத்தும் வாயில்தான் அடைபட்டுவிடுகிறது. ஆயுளுக்கும் தீராது, மோசமாகவும் ஆகாது. பகலில் சாதாரணமாக வேலை செய்யும் குதிரை, பொழுது சாய்ந்தால் லாய வாசலில் தயங்கும், வேலியில் மோதும். முரண்டு பிடிக்கிறது என்று அடிப்பவர்களும் உண்டு, பாவம்.

ஒரு பிரதி உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இந்த ஆபத்து. ஒன்று புள்ளியும் மற்றது ஒரே நிறமுமாக இருந்தால், பாதிக் குட்டிகளுக்கு ஒரு பிரதி வரும், மாலைக்கண் வராது. மாலைக்கண் உள்ள வெள்ளைப் பொலிகுதிரையை ஒரே நிறப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குட்டிக்கும் ஒரு பிரதி நிச்சயம். ஆனால் புள்ளி பளிச்சென்று வருமா என்பதை ‘பட்டர்ன் 1’ என்ற இன்னொரு மரபணுவும் தீர்மானிக்கிறது. அது இல்லாத குட்டி பிறக்கும்போது ஒரே நிறமாகவும் இருக்கலாம், வளர வளர நரைக்கும்.

சோதனை எளிது. பிடரியிலிருந்து 20–30 மயிரை வேரோடு பிடுங்கி மரபணு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கத்தரித்த மயிர் ஆகாது, டி.என்.ஏ. வேரில்தான் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு என்ன தின்னும்? (வாசகர், ஈரோடு)

700 கிலோ குதிரைக்கு உலர்புல் 10 முதல் 14 கிலோ. கடின வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறையுங்கள். கொழுத்தால் குளம்பு அழற்சி வரும்.