பாட்டு இருக்கட்டும், அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. தண்டையார்பேட்டையில் வீடு, மணலியில் வேலை. வருகிற தை மாதம் எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுச் சின்னதாக ஒரு ஹாலில் விருந்து வைக்கிறேன். அன்றைக்கு மேடையில் என் மனைவிக்காக 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டைப் பாட ஆசை. மூன்று மாதமாக, வேலை முடிந்து வந்ததும் போனையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் கரோக்கியில் பழகுகிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டி, மருந்து கொடுத்து, பையனுக்கு ஹோம்வொர்க் முடித்து, நான் இறங்கி வருவதற்குள் அசந்து தூங்கிவிடுவாள். அதனால் ரகசியம் இதுவரை உடையவில்லை. சரணத்தில் மேலே போகும் இடத்தில் குரல் உடைகிறது. மாதம் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு மாஸ்டரிடம் சேரலாமா? எங்கள் ஏரியாவில் எல்லோரும் கானா பாடுகிறவர்கள், எனக்கு மெலடி வருமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, மனைவிக்காகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறேன் என்று கடிதம் வருவது எனக்குப் புதிதில்லை. எல்லாவற்றிலும் சுருதி, சரணம், மாஸ்டர், மைக் இதுதான் இருக்கும். எவ்வளவு அன்பான புருஷன் என்று நான் ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆரம்பிக்கப்போவதில்லை.

நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, நான் இறங்குவதற்குள் அசந்து தூங்கிவிடுவாள், அதனால் ரகசியம் உடையவில்லை என்று. அதை நீங்கள் அதிர்ஷ்டம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏன் அசந்து தூங்குகிறார் என்ற காரணத்தையும் அதற்கு முந்தின வரியிலேயே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. அது யாருடைய அப்பா? உங்களைப் பெற்றவர். அவருக்கு ஊட்டுவதும், வாய் துடைப்பதும், மாத்திரை எண்ணிக் கொடுப்பதும் மகனுக்கு உள்ள கடமை. மருமகள் செய்தால் அது அவர் மனசு. அதை ஒன்றரை வருடமாக வாங்கிக்கொண்டு, அந்த நேரத்தில் நீங்கள் மாடியில் காதல் பாட்டு பழகுகிறீர்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம், மறைக்க விரும்பவில்லை.

படுக்கையோடு இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு, முதுகு, குதிகால் எலும்பு அழுந்துகிற இடங்களில் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வந்துவிடும், வந்தால் ஆறுவது ரொம்பக் கஷ்டம். ராத்திரிக்கும் அதே கணக்குதான். உங்கள் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு யார் எழுந்து புரட்டுகிறார்கள்? துணி மாற்றுவது யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விடியற்காலையில் தண்ணீர் வந்தால் பம்பு அடித்துக் குடம் நிரப்புகிறவர் யார் என்றும் எழுதவில்லை, எனக்கு யூகிக்கத் தெரியும்.

அப்புறம், உங்கள் மனைவிக்கு எதுவும் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? பக்கத்து வீட்டு குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நம் வீட்டிலிருந்தே எண்ணுகிற அளவுக்கு நெருக்கமான தெருக்கள் அவை. நீங்கள் மாடியில் பாடுவது நிச்சயம் கீழே கேட்கும். ஒருவேளை கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்போது இன்னும் மோசம். மூன்று மாதமாகப் புருஷன் தினமும் ராத்திரி போனை எடுத்துக்கொண்டு தனியாக மாடிக்குப் போனால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? கேட்காமல் இருக்கிறார் என்றால் கேட்கவும் தெம்பில்லை என்று அர்த்தம்.

நீங்கள் எடுத்திருக்கும் பாட்டையும் கொஞ்சம் பார்ப்போம். 1986-ல் 'மௌன ராகம்' படத்துக்கு வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடியது. மெட்டு அருமை, குரல் அருமை, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அது ஒட்டாத ஒரு கல்யாணத்தின் கதை, பாட்டு முழுக்க ஏன் உன் மனசு இங்கே இல்லை என்று கேட்கிற ஏக்கம்தான். உங்கள் அப்பாவுக்குச் செய்து செய்து களைத்துப் போயிருக்கிற பெண்ணைச் சொந்தக்காரர்கள் முன்னால் உட்கார வைத்து, நீங்கள் மைக்கில் அதைக் கேட்கப்போகிறீர்கள். வேறு பாட்டு எடுங்கள். எதை என்று என்னிடம் கேட்காதீர்கள், அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கடிதத்தில் எங்கேயுமே இல்லை, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கானா பாடுகிற ஊரில் மெலடி வருமா என்ற பயம் அர்த்தமில்லாதது. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடுகிற கானாக்காரர் முதலில் என்ன செய்வார்? இறந்தவர் என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் பெயர் என்ன, எப்படிக் கஷ்டப்பட்டார் என்று வீட்டு ஆட்களிடம் விசாரிப்பார். அந்த விவரம் பாட்டில் வரும்போதுதான் வீடே உடைந்து அழும். போன மனுஷனுக்கே அவ்வளவு விசாரணை நடக்கிறது, உங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிற மனுஷிக்கு நீங்கள் என்ன விசாரித்தீர்கள்?

சரி, குரல் உடைவதைப் பற்றிக் கேட்டீர்கள், அதையும் சொல்கிறேன். எஸ்.பி.பி. முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர் இல்லை, அதனால் அவர் பாட்டு எளிது என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். அவருடைய மூச்சும் வீச்சும் நமக்குக் கிடையாது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், ஆண்கள் பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் சௌகரியமாகப் பாடுவார்கள். கரோக்கி டிராக் அசல் பாட்டின் சுருதியில் இருக்கும், ஆப்பிலேயே சுருதியை இரண்டு மூன்று படி இறக்க வசதி இருக்கிறது, இறக்கிப் பாடுங்கள், சரணம் கைக்கு வந்துவிடும். ஹெட்போன் போட்டுப் பழகாதீர்கள், நம் குரல் நமக்கே கேட்காது. மாஸ்டர் வேண்டாம். அந்த 2,500 ரூபாயை வைத்து அப்பாவுக்குப் படுக்கைப் புண்ணைத் தடுக்க உதவும் ஏர் பெட் (காற்று மெத்தை) பாருங்கள், பற்றாததை ஹால் செலவில் குறையுங்கள்.

நாளை ராத்திரியிலிருந்து சாப்பாடு ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் உங்கள் வேலை. பாட வேண்டுமா, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பழகுங்கள், சத்தமாகவே. ரகசியம் போகட்டும். தை மாதம் வரும்போது, மேடையில் பாடட்டுமா என்று மனைவியிடமே கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் மைக்கைத் தொடக்கூடாது.