புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு விட்டுவிட்டு வருகிறதா?

கேள்வி: போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு விட்டுவிட்டு வருகிறது. மேசையில் வைத்தால் சரியாகிவிடுகிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: இல்லை, குறுக்கே நிற்பது உங்கள் உடம்புதான். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் நன்றாக உறிஞ்சிவிடும். ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நின்றாலே போதும், பாட்டு அறுபடலாம்.

மேசையிலும் அறுபட்டால் வைஃபையைச் சந்தேகியுங்கள். அதுவும் 2.4-இல் ஓடினால் நெரிசல்தான். போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்தில் ஸ்பீக்கரை வைக்கவே வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் எல்டிஏசி கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 990 கிலோபிட் (கேபிபிஎஸ்) வேகத்தில் இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் அமைப்புப் பகுதியில் 330-க்கு இறக்குங்கள்; அனுப்பும் தரவு குறைந்தால் அறுபடுவதும் குறையும். சின்ன ஸ்பீக்கரில் ஒலித்தர வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

திரை அணைந்த பிறகு மட்டும் பாட்டு நின்றால் அலைமீது பழியில்லை. பாட்டு ஆப்புக்கான பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.