பழைய வெள்ளி முத்திரையில் ஏன் இரண்டு கேடயங்கள்?

ஜெர்மனியிலிருந்து வந்த வெள்ளி முத்திரையில் ஒரே கிரீடத்தின் கீழ் இரண்டு கேடயங்கள் இருக்கின்றன, இது இரு ஊர்களின் சின்னமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக இது ஒரு பிரபுக் குடும்பத்துக் கல்யாணத்தின் அடையாளம். ஒன்று கணவர் வீட்டுச் சின்னம், மற்றது மனைவியின் பிறந்த வீட்டுச் சின்னம். இங்கிலாந்தில் என்றால் பெரும்பாலும் ஒரே கேடயத்தை நெடுக்காகப் பிரித்து இரண்டையும் காட்டுவார்கள்.

உலோகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் எல்லாம் இடவலம் மாறிச் செதுக்கியிருக்கும். முத்திரையில் வாயால் ஊதி லேசாக ஈரமாக்கிவிட்டு, உருகிய அரக்கில் அழுத்துங்கள், ஒட்டாமல் வரும். பதிவில் உங்கள் இடப்பக்கம் இருப்பதுதான் வழக்கமாகக் கணவருடையது. அவருடைய கேடயத்தில் சிங்கம் போன்ற உருவம் இருந்து, அது மனைவியின் கேடயத்தை நோக்கித் திரும்பியிருந்தால், அது அவளுக்குத் தரும் மரியாதை. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது!

பிறகு லென்ஸ் வைத்துக் கோடுகளைப் பாருங்கள். நிறங்களைக் கோடுகளால் குறிக்கும், 17-ஆம் நூற்றாண்டில் பரவிய முறைப்படி, நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டது வெள்ளி. நிறம் தெரிந்தால் குடும்பத்தைத் தேடுவது பாதி எளிது. கிரீடத்தின் முனைகளையும் எண்ணுங்கள்: ஜெர்மன் வழக்கில் 7 என்றால் பாரன், 9 என்றால் அதைவிட உயர்ந்த பிரபுப் பட்டமான கவுண்ட்.

தயவுசெய்து பாலிஷ் மட்டும் போடாதீர்கள். அந்த மெல்லிய கோடுகள் தேய்ந்துவிடும்.