மேசைக்கணினி மென்பொருளுக்குள் வரைபடம்: கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து: ஐயா, தோட்டக் கணக்கு மென்பொருளை சி ஷார்ப்பில் எழுதுகிறேன். அசைத்துப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய வரைபடத்தை அதற்குள் எப்படி வைப்பது?

மென்பொருளுக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் வெப்வியூ2வைச் சாளரத்தில் பொருத்தி, அதனுள் லீஃப்லெட் என்ற வரைபட நூலகத்தைக் கொண்டு எழுதிய பக்கமொன்றை ஏற்றுங்கள். பயனர் ஒரு தேயிலை மலையை அழுத்தியதும் அதன் இலக்கத்தைப் பக்கம் செய்தியாக அனுப்பும். அந்த மலையின் கொழுந்துக் கணக்கைத் திறப்பது உங்கள் சி ஷார்ப் நிரலின் வேலை.

மஸ்கெலியாவிலிருந்து: மழை பிடித்தால் எங்கள் அலுவலகத்தில் இணையம் நின்றுவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் டைல்களை, அதாவது அதன் சதுரப் படத் துண்டுகளை, மொத்தமாக இறக்கி வைக்கலாமா?

கூடாது. அவர்களுடைய பொதுச் சேவையகத்தின் விதிகள் மொத்தப் பதிவிறக்கத்தைத் தடை செய்கின்றன. ஆனால் வரைபடத் தரவு எல்லோருக்கும் திறந்தது என்பதால், அதைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, உங்களுக்கு வேண்டிய பகுதிக்கு மட்டும் டைல்களை நீங்களே உருவாக்கி, எம்பிடைல்ஸ் என்ற ஒற்றைக் கோப்பாகச் சேமிக்கலாம். மூலத்தின் பெயரை வரைபடத்தின் மூலையில் காட்ட மறக்காதீர்கள். 16ஆம் பெரிதாக்க நிலையில் ஒரு டைல் ஏறக்குறைய 600 மீட்டர் அகலத்தைக் காட்டுவதால், நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ ஐயாயிரம் டைல்கள் போதும். அந்தக் கோப்பில் வரிசைகள் தெற்கிலிருந்தும் லீஃப்லெட்டில் வடக்கிலிருந்தும் எண்ணப்படுகின்றன. அதைத் திருப்பாவிட்டால் டைல்கள் மேல் கீழாக இடம் மாறிக் கிடக்கும்.

பண்டாரவளையிலிருந்து: நில அளவைப் படத்தில் எங்கள் இடத்துக்கு 524000, 481000 என்று இருக்கிறது. அதை அப்படியே கொடுத்தால் புள்ளி எங்குமே தெரியவில்லை.

அவை பாகைகள் அல்ல, மீட்டர்கள். 1999ஆம் ஆண்டின் இலங்கை நில அளவைக் கட்டமைப்பில் பிதுருதலாகலை உச்சியை ஒட்டிய புள்ளிக்கு 500000, 500000 என்ற மதிப்பு தரப்பட்டுள்ளது; ஆகவே உங்கள் இடம் அங்கிருந்து கிழக்கே 24 கிலோமீட்டர், தெற்கே 19 கிலோமீட்டர். இத்தகைய மதிப்புகளை மாற்றித் தரும் பிரோஜ் நூலகத்தைக் கொண்டு, இபிஎஸ்ஜி பட்டியலில் இந்தக் கட்டமைப்பின் எண்ணான 5235இலிருந்து, அகலாங்கு நெட்டாங்குப் பாகைகளுக்கான 4326க்கு மாற்றுங்கள். பழைய படங்களில் தொடக்க மதிப்பு 200000 என்றிருந்தால், அது கண்டாவளைக் கட்டமைப்பு, எண் 5234.

மாற்றிய பிறகும் ஒரு பொறி உண்டு: ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவு வடிவம் நெட்டாங்கை முதலில் எழுதும், லீஃப்லெட்டின் புள்ளியோ அகலாங்கை முதலில் கேட்கும். நுவரெலியாவின் 6.97, 80.78ஐ நான் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டு, வெறும் நீலத் திரையைப் பார்த்தபடி அரை நாள் டைல்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். புள்ளி ஆர்க்டிக் கடலில் நின்றது.

நாவலப்பிட்டியிலிருந்து: வேறு தாவலுக்குப் போய்த் திரும்பினால் வரைபடத்தின் பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது.

மறைந்திருந்தபோது அளந்த பழைய அளவையே லீஃப்லெட் நம்பியிருக்கிறது. தாவல் மீண்டும் தெரிந்தவுடன் இன்வாலிடேட்சைஸ் செயற்கூறை அழையுங்கள்.