வாளை விண்வெளியில் விட்டது சரியா?

'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் நான்காம் பருவத்தில் வந்த 'காலெஸின் வாள்' அத்தியாயத்தைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1995 நவம்பரில் முதன்முதலாக ஒளிபரப்பான இந்த அத்தியாயத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிங்கான் என்ற போர்க்குடியினரின் ஆதி வேந்தர் காலெஸ். ஹுர்க் என்ற படையெடுப்பாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவருடைய வாளைக் கொள்ளையடித்துச் சென்றார்கள். முதிய வீரர் கோர், அவரைவிட மிக இளையவனான வொர்ஃப், இருவருக்கும் வேண்டியவளான டாக்ஸ் ஆகிய மூவரும் தொலைதூரக் கோள் ஒன்றில் அதைக் கண்டெடுக்கிறார்கள். டொரால் என்ற பகைவன் ஆட்களுடன் வந்து தாக்க, மூவரும் குகைகளுக்குள் தப்பி ஓடுகிறார்கள். அங்கேதான் கோரும் வொர்ஃபும் அந்த வாளுக்காக ஒருவரையொருவர் கொல்லத் துணிகிறார்கள். கடைசியில் இருவரும் மனமொத்து வாளை விண்வெளியில் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: நண்பர்களாகப் புறப்பட்டவர்கள் ஒரே இரவில் எதிரிகளாகிவிடுவது நம்பும்படியாக இல்லையே? அந்த வாளில் ஏதேனும் மந்திர சக்தி இருப்பதாகக் கதை சொல்கிறதா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: டாக்ஸ் அந்த வாளைக் கையில் எடுத்தும் அவளுக்கு எதுவும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். வாளில் மந்திரம் இல்லை. மற்ற இருவரின் மனத்திலும் முன்பே ஒரு குறை இருந்தது. கிளிங்கான் அரசு கார்டேசியர் என்ற இன்னோர் இனத்தின் மீது படையெடுத்தபோது அதை எதிர்த்து நின்றதால், வொர்ஃப் தன் குடும்பத்தின் பெயரையும் மதிப்பையும் இழந்திருந்தான். கோரோ, ஒரு காலத்தில் பெரும் புகழோடு வாழ்ந்து, இப்போது மதுக்கோப்பையின் முன் அமர்ந்து பழைய போர்க்கதைகளைச் சொல்லிக்கொண்டிருக்கும் முதியவர். இருவரும் புறப்பட்டபோது சொன்ன நோக்கம் ஒன்றுதான்: வாளை மக்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்து, பிளவுபட்டிருக்கும் இனத்தை ஒன்றுசேர்ப்பது. வாள் கைக்கு வந்ததும் அந்த 'மக்கள்' பேச்சிலிருந்து மெல்ல மறைந்துபோகிறார்கள். இளமையில் தனக்குக் கிடைத்த காலெஸின் தரிசனம் இதற்காகத்தான் என்று வொர்ஃப் நம்பத் தொடங்குகிறான். ஆளப் பிறந்தவர் தாமே என்று கோர் எண்ணத் தொடங்குகிறார்.

மாற்றம் படிப்படியாக வருவதைக் காண வேண்டுமானால் பாறை விளிம்புக் காட்சியை மறுபடி பாருங்கள். கால் தவறிய கோர் வாளைப் பற்றியபடி தொங்குகிறார். வாளை விட்டுவிடும்படியும், கீழே நிற்க இடம் இருக்கிறது என்றும் வொர்ஃப் சொல்கிறான். ஒரு கிழவரின் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நொடியில் அவன் கண் எதன்மேல் இருக்கிறது என்பதைக் கோர் புரிந்துகொள்கிறார், நாமும் புரிந்துகொள்கிறோம். அதன் பின் இருவரில் யார் கையிலும் வாள் இருக்கக் கூடாதென்று டாக்ஸ் அதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. முடிவில் இருவரையும் துப்பாக்கியால் மயக்கமுறச் செய்துதான் அந்தச் சண்டையை அவள் நிறுத்துகிறாள். அந்தக் குகையில் வாளைச் சுமக்கத் தகுதியோடு இருந்தவள், அதை விரும்பாத அவள் ஒருத்திதான்.

கேள்வி: கோராக நடித்த முதியவர் யார்? எங்கோ பார்த்த முகமாக இருக்கிறது.
— வாசகர், கூடலூர்

பதில்: கனடாவைச் சேர்ந்த ஜான் கோலிகோஸ். இதே கோர் பாத்திரத்தில் 1967-ஆம் ஆண்டிலேயே, மூல ஸ்டார் ட்ரெக் தொடரில், இளமையும் மிடுக்குமாக அவர் நடித்திருக்கிறார். இடையில் கழிந்த 28 ஆண்டுகள் அவர் முகத்திலேயே தெரிவதால்தான் அந்தக் கிழவரின் ஏக்கம் நம்மை இவ்வளவு தொடுகிறது.

கேள்வி: நானும் என் மகனும் சேர்ந்து பார்த்தோம். ஓர் இனமே ஆயிரம் ஆண்டுகளாகத் தேடிய புனிதப் பொருளை, இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதற்காக வெட்டவெளியில் வீசிவிடுவது எந்த விதத்தில் நியாயம்? பெரிய தியாகம் என்கிறான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: நான் உங்கள் பக்கம்தான் அம்மா. உங்கள் மகன் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அடைந்தே தீர வேண்டும் என்று இருந்தவர்கள் தாமாகவே கைவிடுவது எளிய காரியமன்று. ஆனால் தன்னுடையதைக் கொடுப்பதுதான் தியாகம். அந்த வாள் அவர்களுடையது அன்று.

அவர்களுடைய தொன்மத்தின்படி, காலெஸ் தம் தலைமயிரில் ஓர் இழையை எரிமலைக் குழம்பில் தோய்த்து, ஏரி நீரில் குளிர்வித்து, முறுக்கி உருவாக்கிய முதல் வாள் அது. மோலர் என்ற கொடுங்கோலனை அதைக் கொண்டுதான் அவர் வீழ்த்தினார். ஒவ்வொரு கிளிங்கான் குழந்தையும் கேட்டு வளரும் கதையின் உடல் அது. ஒப்படைக்க ஆள் இல்லாமலும் இல்லை. காலெஸின் உயிரணுவிலிருந்து உருவாக்கப்பட்டவர் பேரரசராகப் பீடத்தில் இருக்கிறார். ஆட்சி அதிகாரமோ கௌரான் என்ற தலைவனிடம் இருக்கிறது. வாள் ஒருவர் பக்கம் போனால் உள்நாட்டுப் போர் மூளும் என்ற அச்சத்துக்குக் கதையில் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 'யாருக்குக் கொடுப்பது' என்பதைப் பற்றியே பேசும் மூவரும், 'வைத்திருப்பவர் எந்த நெறிக்குக் கட்டுப்பட வேண்டும்' என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை. என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் வாழும் மலையிலேயே இதற்கு ஒரு விடை இருந்திருக்கிறது. 1901-02இல் நீலகிரியில் தங்கி, தோடர் என்றும் அழைக்கப்படும் தோதவர் என்ற எருமை வளர்க்கும் மலைக்குடியினரிடையே ஆய்வு செய்து, 1906இல் அதை நூலாக வெளியிட்ட ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அவர்களுடைய மிகப் புனிதமான பால்மனைகளை, அதாவது எருமைப்பாலைக் கடைந்து பதப்படுத்தும் கோயில் போன்ற இடங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே புனித எருமைகளோடு சேர்த்து வணங்கப்பட்ட பழைய மணிகள் இருந்தன. அவற்றின் அருகே செல்லும் உரிமை பால்மனைப் பூசாரிக்கு உண்டு. அந்த உரிமைக்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். பதவியில் இருக்கும் காலம் முழுவதும் அவர் முடியையோ நகத்தையோ வெட்டக் கூடாது. மணமானவரானால் மனைவியைப் பிரிந்து பால்மனையிலேயே வாழ வேண்டும். ஆற்றைப் பாலத்தின் வழியே கடக்கக் கூடாது, நீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தம் குலத்தில் ஒருவர் இறந்தாலும், பதவியைத் துறந்தாலன்றி ஈமச்சடங்குக்குப் போக முடியாது. சாதாரண மனிதர் ஒருவர் தொட்டுவிட்டால் பதவியே போய்விடும். பொருளின் புனிதம் உயர உயர, அதைக் காப்பவரின் சுமையும் கூடியது. அதனால் அந்த மணியை வைத்திருந்தவர் அதைக் காட்டி அரசனாக முடியாது, ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் அங்கே இடமில்லை.

கோரும் வொர்ஃபும் கேட்டது வாளின் பெருமையை மட்டும். அதன் சுமையை இருவருமே கேட்கவில்லை. சுமையை விதிக்கத் தெரிந்த மரபு ஒன்று அவர்களுக்கு இருந்திருந்தால், வாளைக் கோயில் ஒன்றில் வைத்து, காவலர்களை நோன்பால் கட்டியிருக்கலாம். அப்படி ஒரு வழியைக் கதாசிரியர்கள் நினைத்துக்கூடப் பார்க்காதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் மற்ற விதத்தில் இது மிக நல்ல கதை.

கேள்வி: உண்மையிலேயே இப்படி ஒரு பொருள் விண்வெளியில் கிடைத்தால் சட்டப்படி அது யாருக்குச் சொந்தம்? கண்டெடுத்தவருக்கா?
— வழக்கறிஞர், கொடைக்கானல்

பதில்: 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், நிலாவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனதென்று உரிமை கொண்டாடக் கூடாது என்கிறது. அதன் எட்டாம் பிரிவின்படி, ஒருவர் விண்ணில் ஏவிய பொருள் அங்கே இருப்பதால் மட்டும் அவருடைய உரிமை போய்விடாது. வேற்றுலகத்தார் விட்டுச் சென்ற பொருளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே கொள்ளைபோன புனிதப் பொருள்களுக்கு மண்ணுலகில் என்ன வழி என்று பார்ப்பதே பயனுள்ளது. அதற்குப் பத்தூர் நடராசர் வழக்கைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

தஞ்சைப் பகுதியின் பத்தூரில், சிதைந்து கிடந்த சிவன் கோயில் வளாகத்தில் 1976இல் மண்ணை வெட்டிய தொழிலாளி ஒருவரின் கையில் அந்தச் செப்புத்திருமேனி கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், 1982இல் கனடா நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியதாக அந்த நிறுவனம் வாதாடியது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட நீதிமன்றத்தில் ஆராயப்பட்டன. தமிழகத்தின் அந்தக் கோயில் இந்தியச் சட்டப்படி உரிமையுள்ள ஒரு நபர் என்பதால் இங்கிலாந்தில் வழக்காடலாம் என்று 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடராசர் அதே ஆண்டில் தாயகம் திரும்பினார். கண்டெடுத்தவர், விற்றவர், வாங்கியவர் ஆகிய மூவரையும் தாண்டி, பூசையே நின்றுபோயிருந்த கோயிலின் உரிமை நிலைத்தது. இந்த நெறியை நான் காலெஸின் வாளுக்கும் பொருத்திப் பார்க்கிறேன்: கோரும் வொர்ஃபும் கண்டெடுத்தவர்கள் மட்டுமே. அதை வெளியே விட்டதால் அந்த மக்களின் உரிமை அழிந்துவிடாது. நாளை வேறு யாராவது கண்டெடுத்தாலும் திருப்பித் தர வேண்டிய கடமை அவருக்கும் உண்டு.

கேள்வி: தொடர் முழுவதையும் பார்க்க நேரமில்லை. இந்த அத்தியாயத்தைப் புரிந்துகொள்ள எதையெல்லாம் முன்பே பார்க்க வேண்டும்?
— வாசகர், உதகை

பதில்: இரண்டு போதும். முந்தைய தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வரிசையில் 1993இல் வந்த 'உரிய வாரிசு' அத்தியாயம், காலெஸ் பேரரசராக அமர்த்தப்பட்ட கதையையும் வாள் பிறந்த தொன்மத்தையும் சொல்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' நான்காம் பருவத்தின் தொடக்கக் கதை, வொர்ஃப் ஏன் தன் மக்களால் ஒதுக்கப்பட்டான் என்பதைச் சொல்கிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள்.