குறைந்த வருமானக்காரர்களுக்கு மலிவு விலையில் பொருள் விற்று லாபமாகத் தொழில் நடத்த முடியுமா?

முடியும். ஆனால் "விலையைக் குறைத்தால் கூட்டம் தானாக வரும்" என்று நினைத்து இறங்குவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். கேள்வியைப் பார்த்தால், கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு எதைக் கழித்தால் செலவு குறையும் என்று பார்க்கிறவர் போலத் தெரிகிறது. அதே கணக்கைப் போட்ட ஒரு நிறுவனத்துக்காக மூன்று வருடம் சூரிய விளக்கு விற்றவன் நான்.

எங்கள் விளக்குதான் இருப்பதிலேயே விலை குறைவு. எதைக் கழித்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேட்டரியில் சார்ஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கைத் தானாக அணைக்கிற சின்ன சர்க்யூட் ஒன்று உண்டு. அது உள்ளே இல்லை. வெயில் அடித்தவரை யாருக்கும் தெரியவில்லை. மழை பிடித்து நாலைந்து நாள் வெயிலே இல்லாதபோது, லெட் ஆசிட் பேட்டரி ஒட்டக் காலியாகி, அப்படியே கிடந்து, பிறகு சார்ஜே ஏறவில்லை.

ராத்திரியில் தையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா, விளக்கைப் பழைய துணியில் சுற்றி எடுத்து வந்தார். ரசீதும் வாரண்டி அட்டையும் ஒரு பாலித்தீன் பைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன. "தம்பி, தவணையே இன்னும் முடியல, விளக்கு எரிய மாட்டேங்குதே" என்றார். மாற்றிக் கொடுக்க என்னிடம் பேட்டரி இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. அதன்பிறகு அந்தத் தெருவில் ஒரு விளக்குகூட விற்கவில்லை. வசதி உள்ளவர் ஏமாந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். அந்த அக்காவால் ஒரு தடவைகூட ஏமாற முடியாது.

"நல்ல சாமான் போட்டால் விலை ஏறுமே" என்று யாராவது கேட்பீர்கள். ஏறும்தான். கட்டுகிற முறையை மாற்றுங்கள். கென்யாவில் 2007இல் எம்-பெசா வந்தது, செல்போனிலேயே சில்லறைத் தொகை அனுப்ப முடிந்தது. அதை நம்பித்தான் எம்-கோபா என்ற நிறுவனம் கொஞ்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மீதியைத் தினப்படி கட்டச் சொல்லி சூரிய விளக்குகளைக் கொடுத்தது. கூலி தினமும் வருகிற வீட்டில் தவணையும் தினமும் போவதுதான் பொருந்தும். இதைக் கடன்வலை என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மொத்தம் எவ்வளவு கூடுதலாகும் என்பதை முதல் நாளே எழுதிக் காட்டிவிட வேண்டும்.

1976இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையையும் பாருங்கள். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை வெளியில் வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். செலவு அப்படிக் குறைந்தது, வைத்தியத்தின் தரத்தில் கைவைத்து அல்ல. எங்கள் ஆட்கள் அந்தச் சின்ன சர்க்யூட்டில் கைவைத்தார்கள்.

   

உங்கள் பொருள் என்னவென்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பழுதானால் யார் வந்து சரிசெய்வார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.